தூணுக்குப் பூண்

ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால், சிராங்கூன் சாலையில் முதலில் கண்ணில் படுவது சீனிவாசப் பெருமாள் கோயில் கோபுரம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். இல்லையென்றால் தேக்கா பக்கம் நடந்து முஸ்தபா கடையைத் தேடுவார்கள். சென்னையில் பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாமியையும் கடையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மகளை அழைத்துக்கொண்டு ஓவன் சாலை முனைக்கு நடந்தார். மகள் சிங்கப்பூருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த முனையை ஆயிரம் முறையாவது கடந்திருப்பாள்.

“இங்கதாம்மா” என்றார்.

“எதுப்பா? இங்க ஒண்ணுமே இல்லையே, ஹோட்டல்தான இருக்கு?”

1994-இல் அந்த இடத்தில் எழுந்த கட்டடம் அது. அதற்கு முன்னால் அங்கே ஆறு மாடியில் லியன் யாக் கட்டடம் இருந்தது. தரைத்தளத்தில் ஒரு வங்கி, அதற்கு மேலே ஓர் இரவு விடுதி, அதற்கும் மேலே தங்கும் அறைகள். அருகில் கிச்சனர் சாலையில் இருந்த ‘நியூ வேர்ல்ட்’ கேளிக்கைப் பூங்கா அந்த வட்டாரத்துக்கே அடையாளம்; ஹோட்டலின் பெயரும் ஹோட்டல் நியூ வேர்ல்ட்தான். 1986 மார்ச் 15, சனிக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணி நெருங்குகையில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஆறு மாடியும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. காற்று இல்லை, மழை இல்லை, நில நடுக்கமும் இல்லை. இடிபாட்டுக்குள் சிக்கியவர்கள் 50 பேர். பல நாள் தேடலில் உயிரோடு மீண்டவர்கள் 17 பேர். 33 பேர் இறந்தார்கள்.

அப்போது சிங்கப்பூரில் எம்ஆர்டி சுரங்கப்பாதை தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுச் சுரங்க வல்லுநர்கள் தாங்களாகவே ஓடிவந்து, சரிந்து கிடந்த கான்கிரீட் பலகைகளுக்கு அடியில் ஆள் நுழையும் அளவுக்குக் குடைந்து, உள்ளே ஊர்ந்து போனார்கள். மேலிருந்து பாரந்தூக்கியால் இழுத்திருந்தால் கீழே உயிரோடு இருந்தவர்கள் நசுங்கியிருப்பார்கள். அவர்களுடைய துணிச்சல் இந்த ஊரின் பழைய தலைமுறைக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஏன் விழுந்தது? விசாரணை ஆணையம் எரிவாயு, அருகில் நடந்த சுரங்க வேலை, கான்கிரீட்டின் தரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் வரைபடத்துக்கு வந்தது. அந்தக் கட்டடத்தின் தூண்களுக்குக் கணக்குப் போட்டவர் தகுதிபெற்ற பொறியாளர் அல்ல, வரைவாளர். அவர் கணக்கில் ஆட்கள், மேசை, கட்டில் ஆகியவற்றின் எடை இருந்தது. கட்டடத்தின் சொந்த எடை இல்லை.

“அப்படீன்னா?” என்று மகள் கேட்டாள்.

பொறியாளர் ஐந்தடி நடைபாதையில் நின்று, காலையில் காப்பி குடித்த ரசீதின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டார். அந்த ஹோட்டலின் கணக்கு அல்ல, விளங்குவதற்காக ஓர் உதாரணம். ஒரு தூண் தாங்கும் பரப்பு மாடிக்கு 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாடிக்கு 150 சதுர மீட்டர். வசிக்கும் அறைகளில் ஆளும் சாமானும் சேர்த்து சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று எடுப்பது வழக்கம். ஆகத் தூணுக்கு 30 டன். இவ்வளவுதான் அந்த வரைவாளரின் வழி. இனி விட்டுப்போனதைப் பார்க்கவேண்டும். கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்கு இரண்டரை டன். 125 மி.மீ. கனமுள்ள தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். 150 சதுர மீட்டருக்கு 47 டன். “77 ஆயிடுச்சா? இன்னும் உத்தரம், செங்கல் சுவர், தரை ஓடு, தண்ணித் தொட்டி எதையும் நான் சேர்க்கவே இல்ல” என்றார்.

இப்படி ஒரு கட்டடம் கட்டியவுடனே விழாமல் எப்படி நின்றது என்று யாருக்கும் தோன்றும். கணக்கில் பாதுகாப்புக்கென்று கூட்டிவைக்கும் பங்கும், சிமென்ட்டும் கம்பியும் தங்கள் மதிப்புக்கு மேலே தரும் வலுவும் சேர்ந்து அதை நிறுத்திவைத்திருந்தன. பின்னாளில் வங்கியின் இரும்புப் பெட்டக அறையும் குளிரூட்டும் கருவிகளும் முகப்புக்கு ஒட்டிய ஓடுகளும் ஒவ்வொன்றாக ஏறின. இடியும் முன்பே வெடிப்புகள் தென்பட்டன. அதிக பாரம் தாங்கிய ஒரு தூண் நொறுங்கியதும் அதன் சுமை பக்கத்துத் தூணுக்குப் போனது. பக்கத்துத் தூணும் தன் எல்லையில்தான் நின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு சிங்கப்பூர் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1970-களில் கட்டிய கட்டடங்கள் சோதிக்கப்பட்டன. ஹுவா சோங் தொடக்கக் கல்லூரியின் முதன்மைக் கட்டடம் உட்படச் சிலவற்றைக் காலி செய்து இடித்தார்கள். 1989-இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை அவரோடு தொடர்பில்லாத இன்னொரு தகுதிபெற்ற பொறியாளர் முழுக்கச் சரிபார்க்க வேண்டும் என்பது கட்டாயமானது. கட்டி முடித்த கட்டடத்தையும் விட்டுவிடவில்லை. குடியிருப்பு என்றால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, பொறியாளர் வந்து தூணையும் உத்தரத்தையும் பார்த்து அறிக்கை தரவேண்டும். குடிமைத் தற்காப்புப் படைக்குள் ‘டார்ட்’ என்ற தனி மீட்புக் குழு 1990-இல் உருவானது. சென்னைக்காரர் இந்தப் பட்டியலில் வியந்து நின்ற இடம் ஒன்றுதான்: பத்து ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ ஒருமுறை பார்வை. வண்டிக்குத் தகுதிச் சான்று கேட்கும் நம் ஊர், ஐம்பது குடும்பம் வாழும் கட்டடத்துக்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பிப் பார்ப்பதே இல்லை.

மதியம் ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழை இலைச் சாப்பாடு. ஞாயிறு என்பதால் லிட்டில் இந்தியா முழுக்கத் தமிழ்நாட்டு இளைஞர்களும் வங்கதேசத்து இளைஞர்களும் நிறைந்திருந்தார்கள். வாரம் முழுக்கக் கட்டுமானத் தளத்தில் நின்றவர்கள், அன்றைக்கு ஒருநாள் ஊருக்குப் பணம் அனுப்பி, முடி வெட்டி, புல்தரையில் உட்கார்ந்து தொலைபேசியில் பிள்ளைகளோடு பேசுவார்கள். எதிர்ப் பலகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் புதுக்கோட்டைப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். என்ன வேலை தம்பி என்று கேட்டதும் அவர் சொன்ன பதிலில் பொறியாளரின் கை இலையில் அப்படியே நின்றது.

“ஜாக்கெட்டிங் சார். பழைய பில்டிங்குல பில்லருக்கு இரும்புப் பிளேட்டு சுத்துற வேல.”

எதற்காகச் சுற்றுகிறார்கள்? பெரும்பாலும் பழைய கட்டடத்தில் ஒரு மாடி கூட்டுவதற்கோ, கீழே ஒரு தூணை எடுத்துக் கடையை அகலமாக்குவதற்கோ, கனமான இயந்திரம் ஏற்றுவதற்கோதான் என்றார் அவர். நில நடுக்கத்துக்கென்று இந்த ஊரில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் செய்முறை ஒன்றேதான். அவர் சொல்லச் சொல்லப் பொறியாளர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மகளுக்கு மட்டும் இடையிடையே விளக்கம் தேவைப்பட்டது.

“மொதல்ல முட்டுக் குடுக்கணும் சார். ஜாக்கி வச்சு மேல உள்ள பாரத்த எறக்காம பில்லர்ல கையே வைக்கக் கூடாது. அப்புறம் பூச்சு எல்லாத்தையும் கொத்தி எடுத்துருவோம். மூல நாலையும் கிரைண்டர் வச்சு உருட்டிருவோம். கூர் மூலையா இருந்தா பிளேட்டு உக்காராது. வெடிப்பு இருந்தா அதுல எபாக்ஸி ஏத்திருவாங்க. பிளேட்டு ரெண்டு பாதியா வரும். சேத்து வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் வெல்டிங். பில்லருக்கும் பிளேட்டுக்கும் நடுவுல விரல் நொழையுற அளவுக்கு எடம் இருக்கும். அதுல சாந்து மாதிரி கிரவுட்ட கீழ இருந்து மேல பம்பு பண்ணி ஏத்தணும். மேல இருந்து ஊத்துனா காத்து மாட்டிக்கிரும், உள்ள பொந்து விழுந்துரும்.”

“அடியிலயும் தலையிலயும்?” என்று பொறியாளர் கேட்டார்.

“நெலநடுக்க வேலன்னா தரைய முட்டாம விடச் சொல்லுவாங்கன்னு எங்க சூப்பர்வைசர் சொல்லிருக்காரு. ஒரு ரெண்டு அங்குலம். ஏன்னு எனக்குத் தெரியாது சார்.”

இந்தக் கேள்விக்கான விடைதான் இரும்புப் பட்டையின் முழுக் கதையும்.

உலக்கையின் நுனியில் ஒரு பூண் இருக்கும். உளியின் கைப்பிடித் தலையிலும் இருக்கும். அந்த இரும்பு வளையம் குத்துகிற வேலையைச் செய்வதில்லை, பாரத்தையும் தாங்குவதில்லை. அடி விழும்போது மரம் பிளந்துவிடாமல் சுற்றிப் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் சூடாக்கி ஏற்றுவதும் இதே அறிவுதான். கான்கிரீட்டை மேலிருந்து அமுக்கினால் அது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். பிதுங்க இடமிருந்தால் வெடித்துச் சிதறும். பிதுங்க விடாமல் கட்டிப்போட்டால் அதே கான்கிரீட் கூடுதல் பாரத்தைத் தாங்கும். அதைவிட முக்கியமாக, உடனே நொறுங்காமல் வளைந்துகொடுத்து நிற்கும். தூணுக்குள் நீளக் கம்பிகளைச் சுற்றி இடைவெளி விட்டுக் கட்டும் வளையங்கள், நம் கம்பி கட்டுபவர்கள் ‘ரிங்’ என்று சொல்வது, உள்ளே போட்ட பூண்தான். பழைய கட்டடங்களில் அந்த ரிங் அரை முழத்துக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். கொக்கியைச் செங்கோணத்தில் மடக்கி விட்டிருப்பார்கள். நிலம் குலுங்கும்போது ரிங்கை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி பிரிந்துவிடும். நீளக் கம்பி வெளியே வளைந்துவிடும். தூண் கதை முடிந்தது. உள்ளே இனிமேல் ரிங் கட்ட முடியாது என்பதால் வெளியிலிருந்து பூண் போடுகிறார்கள்.

தரையை முட்டவிடாமல் இடைவெளி விடுவதற்கும் இதுதான் காரணம். தட்டு தரையில் போய் ஊன்றிவிட்டால் அது பூணாக இராமல் தூணின் ஒரு பகுதியாக மாறி, பாரத்தையும் வளைவையும் தானே வாங்கிக்கொள்ளும். அப்போது தூண் அளவுக்கு மீறி விறைத்து, தன் பங்குக்கும் அதிகமான விசையை அடித்தளத்துக்கும் உத்தரத்துக்கும் கடத்தும். கலிபோர்னியாவின் பாலங்களில் இந்த இரண்டு அங்குல இடைவெளி வழக்கமாயிற்று. அங்கே 1971-இல் சான் பெர்னாண்டோ நில நடுக்கம் பாலங்களை வீழ்த்தியது. 1989-இல் லோமா பிரியேட்டா நடுக்கத்தில் ஓக்லாந்தின் சைப்ரஸ் மேம்பாலத்து மேல்தளம் கீழ்த்தளத்தின் மேல் விழுந்து 42 பேர் இறந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் நைஜல் பிரீஸ்ட்லி என்ற நியூசிலாந்துப் பொறியாளரும் அவருடைய குழுவினரும் பெரிய அளவில் தூண்களைச் செய்து, முன்னும் பின்னும் தள்ளி, உடைத்துப் பார்த்து இரும்புச் சட்டையின் கணக்கை வகுத்தார்கள். வட்டத் தூணுக்கு வட்டச் சட்டை. சதுரத் தூணுக்குத் தட்டையான தகட்டைச் சுற்றினால் நடுப்பகுதி பிதுங்கிவிடும் என்பதால் நீள்வட்டச் சட்டை. இடைவெளியைக் கான்கிரீட்டால் நிரப்புவார்கள். 1994 ஜனவரி 17-இல் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே நார்த்ரிட்ஜ் நடுக்கம் வந்தது. பூண் போடாத பாலங்கள் சில விழுந்தன. பூண் போட்ட தூண்கள் நின்றன.

சரியாக ஓராண்டு கழித்து, அதே ஜனவரி 17, 1995-இல் ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது. ஹான்ஷின் உயர்பாதை 635 மீட்டர் நீளத்துக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்த படத்தை அந்நாளைய செய்தித்தாள்களில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பேரிடரில் 6,434 பேர் இறந்தார்கள். பிறகு ஜப்பான் தன் ரயில் மேம்பாலங்களிலும் நெடுஞ்சாலைத் தூண்களிலும் ஆயிரக்கணக்கில் இரும்புத் தகடு சுற்றியது. டோக்கியோவில் ரயில் பாதைக்கு அடியில் நடக்கிறவர்கள் அவற்றைச் சாதாரணமாகப் பார்க்கலாம். வண்ணம் பூசிய இரும்புத் தூண்கள் என்றே பலர் நினைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது கான்கிரீட்.

கட்டடங்களில், குறிப்பாக நம் நாட்டில், முழுத் தகட்டைவிட மலிவான ஒரு முறை உண்டு. தூணின் நான்கு மூலைக்கும் ‘எல்’ ஆங்கிள் இரும்பை நிறுத்தி, ஏணிப்படிபோலக் குறுக்கே பட்டை இரும்பு வைத்து வெல்டிங் செய்து கூண்டாக்குவார்கள். ஆங்கிளுக்கும் தூணுக்கும் இடையில் சுருங்காத சாந்தை நிரப்புவார்கள். 1985 நில நடுக்கத்துக்குப் பிறகு மெக்சிகோ நகரத்தில் இந்தக் கூண்டு நிறையப் பயன்பட்டது. களிமண்மேல் எழுந்த அந்த நகரத்திலிருந்துதான் சிங்கப்பூரின் கதைக்கும் வழி பிரிகிறது.

சாயங்காலம் அப்பாவும் மகளும் காலாங் ஆற்றங்கரைக்குப் போனார்கள். படகுப் பயிற்சிப் பிள்ளைகள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் வரிசையாக உயர்ந்த கட்டடங்கள். காலடியில் இருக்கும் மண்ணைப் பற்றித்தான் அப்பா பேசினார். காலாங் படிவு என்று நிலவியலாளர்கள் சொல்வது இதைத்தான்: கடல் ஏறி இறங்கிய காலங்களில் படிந்த சாம்பல் நிறக் களிமண். சில இடங்களில் 40 மீட்டர் ஆழம்வரை வெண்ணெய்போல இருக்கும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நிக்கல் நெடுஞ்சாலை. 2004 ஏப்ரல் 20-இல் எம்ஆர்டி வட்டப் பாதைக்காக அங்கே தோண்டிய பெரும் பள்ளம் உள்வாங்கி நான்கு பேர் இறந்தார்கள். முட்டுக் கொடுத்த எஃகுச் சட்டங்கள் சேரும் முனைகள்தான் முதலில் நசுங்கின. இந்த மண் சிறிய பிழையைக்கூடப் பொறுப்பதில்லை.

சிங்கப்பூருக்கு அடியில் பெரிய நிலப்பிளவு இல்லை. சுமத்ராவின் நடுவே ஓடும் பிளவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மாபெரும் நடுக்கங்கள் பிறக்கும் கடலடிப் பள்ளம் அதற்கும் அப்பால். அவ்வளவு தூரத்துக்கு வரும்போது நடுக்கத்தின் படபடவென்ற வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான, நீண்ட அலைகள் மட்டும் வந்துசேரும். வந்து இந்தக் களிமண்ணுக்குள் நுழைந்ததும் கிண்ணத்தில் ஆடும் கூழ்போலப் பெரிதாகும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு ஆட்ட நேரம் உண்டு. தோராயமாகப் பத்து மாடிக்கு ஒரு விநாடி, இருபது மாடிக்கு இரண்டு விநாடி. மண்ணின் ஆட்டமும் கட்டடத்தின் ஆட்டமும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியதுபோல ஆகிவிடும். இதனால்தான் அடிக்கடி உயரமான கட்டடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிகிறது. தேக்கா கடைவீதியில் மாலை தொடுப்பவருக்குத் தெரிவதில்லை.

மகளுக்கு 2007 மார்ச் 6 நன்றாக நினைவிருக்கிறது. மேற்குச் சுமத்ராவில் ஒரே நாளில் இரண்டு நடுக்கங்கள், 6.4, 6.3 என்ற அளவில். “மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடிப்பா. நாற்காலி தானா நகர்ந்த மாதிரி இருந்துச்சு. தலைசுத்துதுன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாரும் படியில எறங்கி ரோட்டுல நின்னோம்.” ஐந்து ஆண்டு கழித்து 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 8.6 அளவில் ஒரு நடுக்கம். அன்றைக்குச் சென்னையிலும் அலுவலகங்களிலிருந்து மக்கள் படியிறங்கி ஓடினார்கள். அப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒரே நடுக்கம், வங்கக் கடலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

சிங்கப்பூரில் இதை முன்பே கணக்கிட்டுச் சொன்னவர்களில் ஒருவர் டி. பாலேந்திரா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். காற்றும் நில நடுக்கமும் கட்டடங்களை எப்படி அசைக்கும் என்று 1993-இல் நூல் எழுதியவர். இந்த ஊரின் கட்டடங்கள் அப்போது பிரிட்டிஷ் விதிப்படி வடிவமைக்கப்பட்டன. அந்த விதியில் நில நடுக்கம் என்ற சொல்லுக்கே வேலை இருக்கவில்லை. பக்கவாட்டு விசைக்குக் கட்டடத்தின் எடையில் ஒன்றரை விழுக்காடு என்று ஒரு பெயரளவுத் தொகை மட்டும் இருந்தது. அப்படிக் கட்டிய சட்டகங்கள் சுமத்ராவின் தொலைதூர நடுக்கத்துக்கு எப்படித் தாங்கும் என்று பாலேந்திராவும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990-களிலிருந்து ஆய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். 2013-இல் கட்டட, கட்டுமான ஆணையம் விதியை மாற்றியது. மென்மண்ணில் 20 மீட்டருக்கு மேல் எழும் புதிய கட்டடங்கள் நில நடுக்கத்துக்கும் கணக்குப் போடவேண்டும். ஒரு நடுக்கத்தில்கூட இந்த ஊரில் கட்டடம் விழுந்ததில்லை. விழாத இடத்தில் விதி வந்ததுதான் இதன் அருமை.

மெக்சிகோவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1985 செப்டம்பர் 19 நடுக்கத்தின் மையம் பசிபிக் கரையில், நகரத்திலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. இடையில் இருந்த ஊர்கள் பலவும் தாங்கின. பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல் எழுந்த தலைநகரின் நடுப்பகுதி தாங்கவில்லை, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அங்கே மோசமாக அடிபட்டவை குடிசைகள் அல்ல, ஆறிலிருந்து பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் அகமதாபாத். 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை 8.46. புஜ் அருகே பூமி அதிர்ந்தது. அகமதாபாத் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் அங்கே பல மாடிக் குடியிருப்புகள் பல விழுந்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஒற்றுமை இருந்தது: கீழே கார் நிறுத்தச் சுவரில்லாத திறந்த தளம், வெறும் தூண்கள், மேலே செங்கல் சுவர் நிறைந்த கனமான வீடுகள். மேல்பகுதி ஒரு பெட்டிபோல விறைப்பாக இருக்க, வளைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையிலும் அடியிலும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் குஜராத்தில் தூணுக்குச் சட்டை போடும் வேலை பரவலாயிற்று.

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்குக் கீழும் திறந்த தளம் உண்டு. கல்யாணமும் நடக்கும், துக்கமும் நடக்கும், பெரியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். சென்னைக்காரர் மகளின் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று அன்று இரவு நெடுநேரம் பார்த்தார். மெல்லிய தூண்கள் மட்டுமல்ல, லிப்டைச் சுற்றியும் படிக்கட்டைச் சுற்றியும் அடியிலிருந்து உச்சிவரை கான்கிரீட் சுவர்கள் இறங்கியிருந்தன. பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்குவது அந்தச் சுவர்கள்தான். “நம்ம ஊரு அபார்ட்மென்ட்டுல இது இல்லம்மா” என்றார். சென்னையின் பழைய நான்கு மாடிக் குடியிருப்புகளில் தரைத்தளத்தில் பார்ப்பது ஒன்பது அங்குலத்துக்கு ஒரு அடி என்ற தூண்களைத்தான். சுவருக்குள் மறைந்து அழகாக இருக்கவேண்டும் என்று ஒல்லியாக்கியவை.

இந்திய விதி இதைக் கவனிக்காமல் இல்லை. 2002 திருத்தத்தில் சென்னை இரண்டாம் நில நடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. திறந்த தரைத்தளத் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கவேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. ரிங்கின் கொக்கியை 135 பாகைக்கு மடக்கி உள்ளே செருகவேண்டும், தூணின் தலையிலும் காலிலும் 100 மி.மீ.க்குள் நெருக்கிக் கட்டவேண்டும், கம்பியைத் தரைக்குச் சற்று மேலே ஒட்டுப்போடாமல் தூணின் நடுப்பகுதியில்தான் ஒட்டவேண்டும் என்று 1993-லிருந்தே ஒரு தனி விதி இருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களை மதிப்பிட்டு வலுப்படுத்த 2013-இல் இன்னொரு விதிநூல் வந்தது. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் நில நடுக்கத்தை உருவாக்கிக் கட்டடங்களைச் சோதிக்கும் ஆட்டமேசையே உண்டு. அறிவு ஊருக்குள்தான் இருக்கிறது. விதி வருவதற்கு முன்னால் கட்டிய ஆயிரக்கணக்கான கட்டடங்களும் ஊருக்குள்தான் இருக்கின்றன. அவற்றைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது மட்டும் வழக்கமாகவில்லை. 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் ஒரு மழை மாலையில் விழுந்து 61 பேரைக் கொன்றபோது நில நடுக்கம் எதுவும் வரவில்லை. ஹோட்டல் நியூ வேர்ல்ட்போல அதுவும் தன் சொந்தப் பாரத்திலேயே போனது.

இரும்புப் பூண் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று அந்தப் பொறியாளர் நம்புகிறவர் அல்ல. கீழ்த்தளத்துக்கு மட்டும் பூண் போட்டால் பலவீனம் ஒரு மாடி மேலே ஏறிக்கொள்ளும் என்பார். இரும்பு துருப்பிடிக்கும், கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். தீயில் 600 பாகை செல்சியஸுக்கு அருகே எஃகு தன் வலுவில் பாதியை இழந்துவிடும் என்பதால் மேலே தீத்தடுப்புப் பூச்சு வேண்டும். கிரவுட் நிரப்பாமல் வெறும் தகட்டை ஒட்டிவிட்டுப் போனால் அது அலங்காரம். அடித்தளம் தாங்காத இடத்தில் தூணை மட்டும் வலுவாக்கிப் பயனில்லை. முதலில் கணக்கு, அப்புறம் முட்டு, அதற்குப் பிறகுதான் வெல்டிங். புதுக்கோட்டைத் தம்பி சொன்ன வரிசையும் இதுதான்.

ஊர் திரும்பிய மறுநாள் அவர் தன் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் தளத்தில் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். 1988-இல் கட்டிய கட்டடம். இரண்டு தூண்களின் அடியில் பூச்சு உப்பியிருந்தது. தண்ணீர்க் குழாய் பதிக்க ஒரு தூணைக் கொத்தி, உள்ளே இருந்த ரிங்கை யாரோ வெட்டியிருந்தார்கள். மொட்டை மாடியில் பின்னாளில் ஏற்றிய இரண்டு நீர்த்தொட்டிகளுக்கு யாரும் கணக்குப் பார்த்ததில்லை. சங்கக் கூட்டத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்: வண்ணம் பூச ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைப்போம்.

இதைப் படிக்கிறவர்களும் இன்று இரவு வண்டியை நிறுத்தும்போது ஒரு நிமிடம் தூண்களைப் பாருங்கள். சாய்வான வெடிப்பு, துருவின் பழுப்புக் கறை, வெளியே தெரியும் கம்பி, குழாய்க்காகக் கொத்திய பள்ளம், கட்டும்போது இல்லாத சுமை என்று எது கண்ணில் பட்டாலும் பூச்சு பூசி மறைக்காதீர்கள். கணக்குப் போடத் தெரிந்தவரை அழையுங்கள். கட்டடம் பழையதாக இருந்தால்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். ஓவன் சாலை முனையில் விழுந்த கட்டடம் 1971-இல் முடிந்தது. அதற்கு வயது பதினைந்து.